வூஃபரை எங்கே நிறுத்துவது?

ஸ்பீக்கர் பெட்டியைத் தாங்களே செய்ய இறங்குபவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘எத்தனை வாட்ஸ்?’ அடுத்து மேக்னெட்டைத் தூக்கி எடை பார்ப்பார்கள். இரண்டுக்கும் முன்னால் கையில் எடுக்க வேண்டியது இஞ்ச் டேப்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 20 ஹெர்ட்ஸ் பாஸுக்கு 17 மீட்டர். காதுக்கு எட்டும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸுக்கு 1.7 சென்டிமீட்டர். ஒரே கோனால் இந்த இரண்டையும் சமாளிக்க முடியாது. அதனால்தான் வூஃபர், ட்வீட்டர் என்று வேலையைப் பிரிக்கிறோம். பிரிக்கும் இடம்தான் கிராஸ்ஓவர் புள்ளி.

பரவலாகப் புழங்கும் ஜோடி, ஆறரை இஞ்ச் வூஃபரும் ஒரு இஞ்ச் டோம் ட்வீட்டரும். வூஃபரில் உண்மையில் அசையும் பகுதி சுமார் 13 செ.மீ. அகலம். அலைநீளம் இதைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒலி அறையெங்கும் பரவும். 2,600 ஹெர்ட்ஸில் அலைநீளமும் 13 செ.மீ. ஆகிவிடுகிறது. அதற்கு மேல் போகப் போக, ஒலி டார்ச் வெளிச்சம்போல நேர் எதிரே குவியும். நடுவில் உட்கார்ந்தவருக்குப் பாட்டு துல்லியம். ஓரத்தில் இருப்பவருக்கு மந்தம்.

சரி, ட்வீட்டரைக் கீழே இறக்கி வேலை வாங்கலாமே? அதே சத்தம் வேண்டுமென்றால், அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் டோம் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். 4,000-லிருந்து 1,000-க்கு வந்தால் 16 மடங்கு! அந்தச் சின்ன டோமுக்கு அவ்வளவு இடம் ஏது? அதனால் ட்வீட்டரின் ஒத்ததிர்வு எண்ணைப்போல இரு மடங்குக்குக் கீழே வெட்டாதே என்பது பெட்டி செய்பவர்களின் கணக்கு. ஒத்ததிர்வு 900 என்றால் 1,800. ஆக, நமக்குக் கிடைப்பது 1,800-க்கும் 2,600-க்கும் நடுவே ஒரு சிறு சந்துதான். கொடுமை என்னவென்றால், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழாயான நம் காதுத் துவாரம் ஒத்ததிர்வது சுமார் 3,000 ஹெர்ட்ஸில். காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது.

ட்வீட்டருக்கு முன்னால் 8 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை மட்டும் போட்டு, வேலை முடிந்தது என்பவர்கள் உண்டு. 8 ஓம் ட்வீட்டருக்கு அது 2,500 ஹெர்ட்ஸில் வெட்டும் என்பது சரிதான். ஆனால் அதற்குக் கீழே, ஆட்டம் நான்கு மடங்காகும் இடத்தில் கப்பாசிட்டர் பாதியைத்தான் குறைக்கிறது. மிச்சம் இரண்டு மடங்கு டோமின் தலையில். ட்வீட்டருக்கு இணையாக ஒரு காயிலையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது. இந்தச் சில்லறைச் செலவில் மிச்சம் பிடிப்பது வீண்.

வூஃபருக்கும் இதேபோலக் காயிலும் கப்பாசிட்டரும் போட்டால், வெட்டும் இடத்தில் கோனும் டோமும் எதிரெதிராகத் தள்ளத் தொடங்கும். அதனால் ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுப்பது வழக்கம். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எளிய வழி உண்டு. 2,500 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஒரு மீட்டர் எதிரே மைக்கை வைத்து, ட்வீட்டர் வயரை வேண்டுமென்றே திருப்பி மாட்டுங்கள். சத்தம் சட்டென்று அமுங்கினால் கிராஸ்ஓவர் சரி. அமுங்காவிட்டால் கோனும் டோமும் ஆளுக்கொரு நேரத்தில் வேலை செய்கின்றன. கப்பாசிட்டரை மாற்றி மறுபடி பார்க்க வேண்டியதுதான்.