வெளியே தெரியாத காயம்

வண்டிகளின் பஃபர்களுக்கிடையே அகப்பட்டு மீண்டவர், "ஒன்றுமில்லை" என்று கூறி எழுந்து நிற்பதுண்டு. இரயில்வேயில் பணிபுரியும் நாம் அச்சொல்லை அப்படியே நம்பிவிடலாகாது. தோலில் கீறலே இல்லாவிடினும் உள்ளே அபாயம் இருக்கலாம்.

முதுகெலும்பையொட்டி வயிற்றில் இறங்கும் பெருந்தமனி ஏறக்குறைய கட்டைவிரற் பருமனுள்ளது. அதுவோ அதன் கிளையோ கிழிந்தால், உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் பெரும்பகுதி உள்ளேயே வடிந்துவிடக்கூடும்.

முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, விரைந்து மெலிந்த நாடி, தாகம், வயிறு உப்புதல் ஆகியவை அறிகுறிகள். உடனே 112-ஐ அழைத்து, அறுவைச் சிகிச்சையும் இரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பரிவினால் தண்ணீரோ காப்பியோ கொடுத்தல் கூடாது. மயக்கமருந்தின்போது வாந்தியெடுத்தால் அது நுரையீரலில் இறங்கிவிடும். குத்திநிற்கும் பொருளைப் பிடுங்கவும் கூடாது.

நோயாளி தாங்குவாராயின், டாக்டர்கள் சி.டி. படமெடுத்துக் கிழிந்த இடத்தைக் காண்பர். தாங்காவிடில், அல்ட்ராசவுண்டு கருவியால் விரைந்து பார்த்து, தாமதியாது வயிற்றைத் திறந்து, தமனியை இடுக்கியால் அடைத்துத் தைப்பர். அல்லது செயற்கைக் குழாய் பொருத்துவர்.

இதற்கெல்லாம் இரத்தம் வேண்டும். உற்றார் தொலைவிலிருக்க, அயலூரில் வாழும் நமக்கு அதனை யார் தருவர்? நாமே ஒருவர்க்கொருவர் தருதல் வேண்டும். ஆதலின், இம்மாதமே நம் இரத்த வகையைச் சங்கப் பதிவேட்டில் எழுதிவைப்போமாக.