சாயங்காலப் புகையும் காலை மாத்திரையும்

தேஹு ரோடு ஸ்டேஷனில் ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. புனே லோக்கல் வந்துவிட்டது. அவனுடைய தாத்தா ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர். பேரனுக்குச் சாகண் பக்கம் ஷிப்ட் வேலை. பல மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, எதிலும் பிடிப்பில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்.

“அண்ணா, அதைப் போட்டா குமட்டுது. பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியல. ஆனா சாயங்காலம் ரெண்டு இழுப்பு இழுத்தா மனசு உடனே லேசாயிடுது. அது வெறும் செடிதானே? மாத்திரைதானே கெமிக்கல்?”

இந்தக் கேள்வியைப் பல வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோரிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

லேசாவது உண்மை

கஞ்சா பிடித்தால் மனம் லேசாகிறது என்று அவன் சொன்னது பொய்யில்லை. அதை மறுத்துப் பேசினால் பிள்ளைகள் நம் பேச்சை அதோடு கேட்பதை நிறுத்திவிடுவார்கள். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளை 1964இல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலம் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டுவதற்கான இடங்கள் நம் மூளையிலேயே இருக்கின்றன. அதே இடங்களில் ஒட்டும் பொருளொன்றை மூளை தானாகவே சுரக்கிறது என்பது 1992இல் தெரியவந்தது. அதற்கு ‘ஆனந்தம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தம்பியின் அனுபவத்தை அப்படியே சொல்கிறது. மருத்துவத்துக்காகக் கஞ்சா எடுப்பவர்கள், எடுப்பதற்கு முன்னும் பின்னும் தங்கள் மனநிலைக்குத் தாங்களே மதிப்பெண் போட்டு ஒரு செயலியில் பதிந்தார்கள். ஒவ்வொரு முறையும் மனச்சோர்வு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகப் பதிவாகியிருந்தது. ஆனால் அதே பதிவுகளை நாள்கணக்கில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, புகைப்பதற்கு முந்தைய சோர்வு போகப்போகக் கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் இறங்குகிறது. ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் மேலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது.

காலைச் சோர்வு எதனால்?

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த இடம்தான். தினமும் புகைப்பவர் ஒருநாள் நிறுத்தினால், ஒன்றிரண்டு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, மன இறுக்கம், சோர்வு எல்லாம் வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். இது கஞ்சா விடுபடும்போது வரும் அவஸ்தை. ஆனால் அனுபவிப்பவருக்கு இது அச்சு அசலாகப் பழைய மனச்சோர்வு மாதிரியே தெரியும். “பாரு, இல்லாம என்னால இருக்க முடியல, இதுதான் எனக்கு மருந்து” என்று மறுபடி பற்றவைப்பார். உடனே லேசாகும். லேசானதே சாட்சியாகிவிடும். எவ்வளவு சோர்வு நோயினுடையது, எவ்வளவு கஞ்சாவினுடையது என்பது அவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. மனநல மருத்துவர்கள் சில வாரம் முழுக்க நிறுத்திப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராணுவ ஊர்க்காரர்களுக்கு ஆர்வம் தரக்கூடியது ஸ்வீடனின் ஆய்வு. 1969-70இல் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த சுமார் 50,000 இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கஞ்சா அதிகம் புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய் பல மடங்கு கூடுதலாகத் தென்பட்டது. மனச்சோர்வு அப்படித் தென்படவில்லை. குடும்பச் சூழல் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்ததும் தொடர்பு மங்கிவிட்டது. ஆனால் பதின்பருவத்தினரைப் பற்றி 2019இல் 11 ஆய்வுகளையும் 23,317 பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வின் முடிவு வேறு. 18 வயதுக்குள் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சற்றே கூடுதலாகவும், தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேலாகவும் இருந்தது. வளரும் மூளைக்கு இது நல்லதில்லை என்று சொல்ல எனக்கு இது போதும்.

கஞ்சா மனச்சோர்வைக் குணப்படுத்துமா என்ற நேர்க் கேள்விக்கும் விடை தேடியிருக்கிறார்கள். அதே 2019இல் ‘லான்செட் சைக்யாட்ரி’ இதழில் வந்த தொகுப்பு 83 ஆய்வுகளை அலசியது. மனச்சோர்வுக்கு மருந்தாகக் கஞ்சாவைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு.

‘நரம்பு மாத்திரை’ மீதான பயம்

நம் வீடுகளில் மனச்சோர்வு மாத்திரைக்கு நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, டென்ஷன் மாத்திரை என்று பல பெயர். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூக்ஸெடின் ஆகியவை பரவலாக எழுதித் தரப்படுபவை. இவை தூக்க மாத்திரை அல்ல. மனச்சோர்வு மருந்தின் பிறப்பே ஒரு காசநோய் வார்டில்தான். 1952இல் நியூயார்க்கில் காசநோய்க்கு இப்ரோனியாசிட் கொடுத்துப் பார்த்தபோது, படுக்கையில் சோர்ந்து கிடந்த நோயாளிகள் உற்சாகமாகிவிட்டார்கள். அங்கிருந்துதான் தேடல் தொடங்கியது.

2018இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள் என்று அலசியது. 21 மருந்துகளுமே வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. அந்தக் கூடுதல் பிரமாண்டமானது இல்லை என்பதையும் ஒளிக்கக் கூடாது. முதல் மருந்திலேயே எல்லோரும் குணமாவதில்லை. பலருக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும். லேசான மனச்சோர்வுக்கு முதலில் பேச்சு சிகிச்சையும் உடற்பயிற்சியுமே போதுமாக இருக்கலாம். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே வேஷத்தில் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இந்த மாத்திரையில் ஒரு சங்கடம் இருக்கிறது. பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும், பலன் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். பாலுறவில் ஆர்வம் குறைவது சிலருக்கு நீடிக்கும். இளைஞர்கள் மாத்திரையை ரகசியமாக நிறுத்துவதற்கு இது ஒரு பெரிய காரணம், வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்வதில்லை. சொன்னால் மருந்தை மாற்றித் தர வழியிருக்கிறது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

“பழகிடுமே?” என்று அம்மாக்கள் கேட்பார்கள். இதில் போதை கிடையாது. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று அளவைக் கூட்டவைக்கும் ஏக்கம் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுண்டிவிட்டது போன்ற உணர்வு வரும். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீளும். அதனால்தான் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

செடிதானே?

ஊமத்தையும் அரளியும் செடிதான். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் கஞ்சா சேர்ந்த மருந்துகள் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நம் மருந்துச் சட்டத்தின் இ1 அட்டவணை, இந்த மருத்துவ முறைகளில் நச்சுத்தன்மை உள்ள பொருள்களின் பட்டியலில்தான் அதைச் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும். ‘விஜயா’ என்ற பெயரில் இப்போது விற்கும் கஞ்சா எண்ணெய்களுக்கும் இதே விதிதான். தெருவில் மால் என்று வாங்கும் பொட்டலத்தில் டி.எச்.சி. எவ்வளவு, கூட என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. மாத்திரை அட்டையில் மில்லிகிராம் அச்சடித்திருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் சிறிய அளவு கஞ்சா வைத்திருப்பதற்கே ஓராண்டு வரை சிறை உண்டு.

இரண்டையும் சேர்த்தால்

புகைத்துக்கொண்டே மாத்திரையும் போடுபவர்கள் நிறைய. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகளோடு கஞ்சா சேர்ந்தால் இதயம் தாறுமாறாகப் படபடக்கலாம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய் எஸ்சிடலோபிராமின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும். இருமுனைக் கோளாறு மறைந்திருப்பவருக்கு இரண்டில் எதுவும் மனத்தை எதிர்த்திசையில் எகிறவைக்கலாம். ஆகவே மருத்துவரிடம் கஞ்சாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும், அடிமையானவர் தாமாக வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் சிறு அளவுக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

எங்கே போவது?

நமக்கு அதிர்ஷ்டம், புனேயில் இதற்கு நல்ல இடங்கள் உண்டு. எரவாடா மனநல மருத்துவமனையில் மருத்துவராக இருந்த அனிதா அவசட்டும், அவருடைய கணவர் எழுத்தாளர் அனில் அவசட்டும் 1986இல் முக்தாங்கண் போதை மீட்பு மையத்தைத் தொடங்கினார்கள். மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே கொடுத்த நன்கொடையில் பிறந்தது அது. அரசு மருத்துவமனைதான் வேண்டும் என்றால், தேஹு ரோட்டில் லோக்கல் ஏறி புனே ஸ்டேஷனில் இறங்கினால் சசூன் மருத்துவமனை நடை தூரம்தான். மனநலப் பிரிவு அங்கே இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம். சாகத் தோன்றினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், நடுராத்திரியாக இருந்தாலும் அந்த எண்ணை அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

அந்தத் தம்பியை மறுபடி பார்த்தேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன், குமட்டல் குறைய வாய்ப்பிருக்கிறது. பத்து நாளில் தீர்ப்பு எழுதாதே, ஆறு வாரம் கொடு என்றேன். புகைப்பதை டாக்டரிடம் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. “நீங்க கூட வர்றீங்களா?” என்று கேட்டான். திங்கட்கிழமை காலை லோக்கலில் இருவரும் போகிறோம்.