செவ்வாயில் உயிர் இருந்தா சாமி இல்லைன்னு ஆயிடுமா?

1996 ஆகஸ்ட். நான் பிஇ படித்துக்கொண்டிருந்தேன். 1984ல் அண்டார்டிகாவில் கிடைத்த ஏஎல்எச் 84001 என்ற விண்கல் செவ்வாயிலிருந்து வந்தது. அதில் பழங்கால நுண்ணுயிர்களின் தடயம் இருக்கலாம் என்று நாசா அறிவித்தது. அதிபர் கிளின்டனே அதைப் பற்றிப் பேசினார். ஹாஸ்டலில் நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "மதங்களோட கதை முடிஞ்சுதுடா!"

லீவில் ஊருக்குப் போனதும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அசரவே இல்லை.

"கல்லுக்குள்ள தேரைக்கே படியளக்கறவன், செவ்வாயில இருக்கறதுக்கு அளக்க மாட்டானா?"

அன்றைக்குச் சிரித்தேன். பிறகு, அந்தத் தடயங்கள் உயிர் இல்லாமலும் உருவாகலாம் என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் பதில் மட்டும் மனசில் நின்றுவிட்டது. படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்தச் சண்டை ரொம்பப் பழசு.

1794ல் தாமஸ் பெய்ன் ஒரு கேள்வி கேட்டார். கோடிக்கணக்கான உலகங்கள் இருந்தால், தேவகுமாரன் ஒவ்வொன்றிலும் போய் உயிர்விட வேண்டுமா? கவனியுங்கள், பெய்ன் நாத்திகர் அல்ல. கடவுள் உண்டு, கிறிஸ்தவம் வேண்டாம் என்றவர். 1817ல் ஸ்காட்லாந்து பாதிரியார் தாமஸ் சால்மர்ஸ் பதில் சொன்னார்: தொலைநோக்கியில் பிரபஞ்சம் பெரிதாகிறது, சரி. நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னஞ்சிறு உயிரைக்கூட கடவுள் கவனிப்பது தெரிகிறதே! கிட்டத்தட்ட எங்கம்மாவின் தேரைதான்.

சமீப காலத்தில் டெட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க இறையியலாளர் 1300க்கும் மேற்பட்டவர்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்தார. நம்பிக்கையாளர்களில் பெரும்பாலோர், வேற்றுலக உயிர் கிடைத்தாலும் என் நம்பிக்கை ஆடாது என்றார்கள். மதங்கள் ஆட்டம் காணும் என்று அதிகமாக எதிர்பார்த்தது மதம் இல்லாதவர்கள். அதாவது, என்னை மாதிரி ஆட்கள்.

சாஃப்ட்வேர்காரனாக யோசித்தால் விஷயம் இதுதான். உயிர் கிடைத்தால் நாத்திகர், "வேதியியலே போதும்" என்பார். ஆத்திகர், "படைப்பு எவ்வளவு பெரிசு" என்பார். கிடைக்காவிட்டால் ஆத்திகர், "பூமி ஸ்பெஷல்" என்பார். நாத்திகர், "அபூர்வமான தற்செயல்" என்பார். எந்த இன்புட் கொடுத்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் கேஸ் எதையும் சோதிப்பதில்லை.

அப்படியானால் எதுவுமே மாறாதா? மாறும். "மனிதனுக்காகவே பிரபஞ்சம் படைக்கப்பட்டது" என்பது மாதிரி குறிப்பான கூற்றுகள் அடி வாங்கும். என் பக்கமும்தான். சூழல் அமைந்தால் உயிர் தானாக, சுலபமாக உண்டாகும் என்று அடித்துச் சொல்கிறேன். கையில் இருக்கும் உதாரணம் பூமி ஒன்றே ஒன்று. இன்னொரு இடத்தில், நம்மோடு தொடர்பில்லாமல், தனியாகத் தோன்றிய உயிர் கிடைக்கும்வரை அது என் ஊகம்தான்.

நான் இன்றும் நாத்திகன்தான். ஆனால் அதற்குச் செவ்வாயைச் சாட்சிக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எது கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? அம்மாவைப் பார்த்துச் சிரித்த அன்றே என்னை நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.