குழாய்க்கு ஒரு கம்பளி

ஜனவரி மாதக் காலையில் லே நகரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, காற்றும் வராது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த லடாக் நகரில் இரவு வெப்பநிலை மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது சகஜம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். இரும்புக் குழாயே பிளந்துவிடும். பிளந்தது உடனே தெரிவதில்லை என்பதுதான் கொடுமை. வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகிய பிறகுதான் சுவர் நனையத் தொடங்குகிறது.

லடாக்கியர்கள் இதற்குப் பழகியவர்கள். குளிர்காலம் வந்தால் குழாயை மறந்துவிட்டு ஊற்று, கைபம்பு, டேங்கர் லாரி என்று வாளியோடு நடந்தார்கள். அவர்களுடைய பாரம்பரியக் கழிப்பறைக்குத் தண்ணீரே தேவையில்லை. ஆனால் பனிச்சிறுத்தையைப் பார்க்க வரும் பயணிக்கு ஃப்ளஷ் வேண்டும், வெந்நீரும் வேண்டும். அந்தத் தேவைக்கு ஒரு விடை, குழாயோடு ஒட்டி ஓடும் ஹீட்டிங் கேபிள்.

பார்க்கத் தட்டையான மின்வயர்தான். இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கரித்துகள் கலந்த பிளாஸ்டிக். குளிர்ந்தால் பிளாஸ்டிக் சுருங்கி, துகள்கள் நெருங்கி, மின்சாரம் கூடுதலாகப் பாயும். சூடேறினால் விரிந்து பாய்ச்சல் குறையும். எங்கே எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் கேபிளே தீர்மானித்துக்கொள்ளும். விலை மலிவான இன்னொரு வகை உண்டு. குளிரோ வெயிலோ அது ஒரே அளவில் சூடாகும். அதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அந்த இடம் கருகிவிடும்.

பொருத்துவதில்தான் காரியம் இருக்கிறது. கேபிள் குழாயின் அடிப்பக்கத்தை ஒட்டிப் போக வேண்டும். பிளாஸ்டிக் குழாய் என்றால் அலுமினிய டேப் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூடு பரவாது. வால்வும் வளைவும் வரும் இடங்களில் கொஞ்சம் கூடுதல் நீளம் தேவை. தானே சூட்டைச் சரிசெய்யும் வகையில், கடைசி முனையில் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். தனித்தனியாக விட்டு, நீர் புகாமல் மூட வேண்டும். இதற்கெல்லாம் மேலே தடிமனான ஃபோம் உறை. உறை நனைந்துவிட்டால் கேபிள் எவ்வளவு உழைத்தாலும் சூடு நிற்காது. மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது, தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் உயிரோடு விளையாடுவது.

மின்சாரச் செலவைக் கணக்கிட்டால், மீட்டருக்கு 15 வாட் வீதம் 20 மீட்டர் கேபிள் முழு வேகத்தில் ஒரு நாள் எரிந்தால் 7 யூனிட்டுக்கு மேல் ஆகும். மூன்று, நான்கு டிகிரியில் இயங்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் இருந்தால் கணிசமாகக் குறையும். ஆகவே முழு நீளத்துக்கும் கேபிள் போடுவது வீண் ஆடம்பரம். குளிர் எட்டாத ஆழத்தில் புதைத்துவிட்டு, மண்ணிலிருந்து வெளியே வந்து சுவர் ஏறும் அந்தச் சில மீட்டருக்கு மட்டும் போடுவதே புத்திசாலித்தனம்.

மின்சாரம் என்பதே இங்கு நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியிருந்தது. 2014இல் சிந்து நதியில் 45 மெகாவாட் நிமூ-பாஸ்கோ நீர்மின் நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகர்-லே மின்தடம் வந்து, லடாக் தேசிய மின்தொகுப்போடு இணைந்தது. அதன்பிறகே இரவெல்லாம் கேபிளை எரிய விடும் துணிச்சல் வந்தது எனலாம். ஆனாலும் கரண்ட் போனால் கேபிள் வெறும் கயிறுதான். குளிர் உச்சத்தில் இருக்கும் இரவில் அது போனால், விடிவதற்குள் குழாய் உறைந்துவிடும்.

அதனால் அக்டோபரிலேயே மெகர் கருவியால் கேபிளின் காப்பைச் சோதித்து, எலி கடித்த இடம், உறை கிழிந்த இடம் ஆகியவற்றைச் சரிசெய்துவிட வேண்டும். பழுது பார்க்க வருகிறவர் தெரியாமல் வெட்டிவிடாதபடி உறையின் மேல் எச்சரிக்கை ஒட்டுவது நல்லது. உறைந்த குழாயைத் தீச்சுடரால் காய்ச்சும் வழக்கத்தைக் கேபிள் உள்ள இடத்தில் அடியோடு விட்டுவிட வேண்டும். நீண்ட மின்வெட்டுக்குப் பழைய வழிதான் கைகொடுக்கும்: பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, தாழ்வான இடத்தில் உள்ள வடிகால் வால்வு வழியே தண்ணீரை முழுக்க வெளியேற்றுவது. அந்த வால்வுக்குக் கட்டடம் எழும்போதே இடம் விட்டிருக்க வேண்டும். பிறகு வைப்பதென்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.