மண்ணின் புளிப்பும் குருதியின் சமநிலையும்

பசளை இட்டும் பயிர் தேறவில்லை என்னும் முறைப்பாடு மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களிற் கேட்கப்படுவதுண்டு. விதை நல்லது, நீருக்குக் குறைவில்லை, பசளையும் வேண்டிய அளவு இடப்பட்டது. ஆயினும் கோவா தலைகட்டாது நிற்கும். போஞ்சியின் வேர் குறுகித் தடித்துவிடும். இத்தகைய இடங்களிற் பல வேளைகளிற் குறை பசளையில் அன்று, மண்ணின் புளிப்பிலேயே உளது. பீ.எச். பெறுமானம் 5 இற்குக் கீழே செல்லுமாயின் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும். இட்ட பொசுபரசும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து பயிருக்கு எட்டாததாகிவிடும். பசளைக்குக் கொடுத்த பணம் மண்ணுள்ளே பூட்டப்பட்டுக் கிடக்கின்றது என்க.

ஐதரசன் அயனைக் கொடுக்கும் பொருள் அமிலம். அதனை ஏற்கும் பொருள் மூலம். இவற்றை அளப்பதற்குரிய பீ.எச். அளவுகோலை 1909 ஆம் ஆண்டில் வகுத்தவர் தென்மார்க்கு நாட்டு இரசாயனவியலாளர் சோரென்சன் ஆவர். 7 நடுநிலை, அதற்குக் கீழ்ப்பட்டது அமிலம், மேற்பட்டது காரம். இவ்வளவுகோலில் ஒவ்வோர் இலக்கமும் பத்து மடங்கைக் குறிக்கும். பீ.எச். 6 உள்ள மண்ணினும் 5 உள்ள மண் பத்து மடங்கும், 4 உள்ள மண் நூறு மடங்கும் அமிலச் செறிவுடையன. ஓர் இலக்கந்தானே குறைந்தது என்று அசட்டையாயிருத்தல் தகாது.

இச்சமநிலையின் அருமையை அறிய மனித உடலை நோக்குதல் நன்று. குருதியின் பீ.எச். 7.35 இற்கும் 7.45 இற்கும் இடையே நிற்கின்றது. 6.8 இற்குக் கீழே சென்றால் உயிர் தரித்தல் அரிது. இந்த ஒடுங்கிய எல்லையைக் காப்பன மூன்று. முதலாவது, குருதியிலேயே உள்ள இருகாபனேற்று. காபோனிக்கமிலம் ஒரு பங்குக்கு இது இருபது பங்காக நின்று, புகும் அமிலத்தை உடனே தாங்கிக்கொள்ளும். இரண்டாவது சுவாசப்பை. நெல்மூடை சுமந்து வரம்பில் நடப்பவனுக்கு மூச்சு வாங்குவது காற்றுக் குறைவினால் மட்டுமன்று. தசைகளில் உண்டாகிய காபனீரொட்சைட்டை வெளியேற்றுதற்காகவுமே ஆகும். மூன்றாவது சிறுநீரகம், இது மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் மெல்ல மெல்ல அமிலத்தைச் சிறுநீரோடு கழிக்கும். தேசிக்காய் உண்டாற் குருதி புளித்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அப்புளிப்பு உடலில் எரிந்து முடிந்துவிடுவதால் அவ்வச்சம் வேண்டியதில்லை.

மண்ணிலும் இத்தகைய தாங்குந் தன்மை உண்டு. களியும் மக்கிய சேதனப் பொருளும் கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பிடித்துவைத்து, புகும் அமிலத்தை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். ஆகையால் மணற்றரை விரைவிற் புளிக்கும். களித்தரை பிந்திப் புளிக்கும். ஆனால் மேட்டு மண்ணுக்குச் சுவாசப்பையும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. பெருமழை கல்சியத்தைக் கழுவிச் செல்கின்றது. அறுவடை ஒவ்வொன்றும் ஒரு பங்கை எடுத்துச் செல்கின்றது. அமோனியம் சல்பேற்றை நுண்ணங்கிகள் நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் பிறக்கின்றது. அப்பசளை 100 கிலோவினால் உண்டாகும் புளிப்பை மாற்றுதற்கு ஏறத்தாழ 110 கிலோ சுண்ணக்கல் தூள் வேண்டும். யூரியாவும் மண்ணைப் புளிக்கச் செய்வதே. எனினும் அதனிலுள்ள நைதரசனின் அளவுக்கு இது குறைவு.

நெல் வயலின் இயல்பு வேறு. நீர் நின்ற வயலில் ஒட்சிசன் அற்றுப்போக, மண்ணிலுள்ள இரும்பு மாற்றமடைந்து அமிலத்தை உட்கொள்ளும். சில கிழமைகளிற் புளித்த மண்ணும் பெரும்பாலும் நடுநிலையை அணுகும். கார மண்ணோ, நீரில் தேங்கும் காபனீரொட்சைட்டினால் நடுநிலைக்கு இறங்கும். இலங்கையரான மண்ணியல் அறிஞர் பொன்னம்பெரும 1972 இல் வெளியிட்ட கட்டுரை இதனை விரிவாக விளக்குகின்றது. ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. ஈரவலயப் பள்ளத்தாக்குகளில் இரும்பு அளவுகடந்து கரைய, நெல்லிலை நுனியிலிருந்து செம்புள்ளி கொண்டு பழுப்பாகும். இந்நோய் இரும்பு மிகுதியால் வருவதென்பதை அவரும் இரு துணைவரும் 1955 இலேயே எடுத்துக்காட்டினர். இத்தகைய வயலில் இடையிடையே நீரை வடித்தலும், பொட்டாசுப் பசளையைக் குறையாது இடுதலும், இரும்பைத் தாங்கும் நெல்லினத்தைத் தெரிதலும் பயன் தரும்.

நீரை வடித்தல் எவ்விடத்தும் நன்மை என்று கொள்ளுதலும் பிழை. கரையோரச் சதுப்பு மண் சிலவற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிப்பொருள் புதைந்துள்ளது. நீரின் கீழ் இருக்கும்வரை அது தீங்கற்றது. காற்றுப் பட்டாற் கந்தகவமிலமாகும். மாத்தறையில் நில்வளா கங்கை வெள்ளத் தடுப்புத் திட்டத்தின்பின் இவ்வாறு மண் புளித்துச் சில வயல்கள் கைவிடப்பட்டன. வெள்ளத்தை வென்ற இடத்தில் அமிலம் வென்றது எனலாம்.

மேட்டு மண்ணின் புளிப்பை மாற்றுதற்குச் சுண்ணக்கல் தூளும் தொலமைற்றும் ஏற்றவை. தொலமைற்றில் மக்னீசியமும் இருத்தலால் மலைநாட்டுக்கு அது மேலானது. நடுகைக்கு இரண்டு மூன்று கிழமை முன்னர் இட்டு, ஆறங்குல ஆழம்வரை கொத்திக் கலத்தல் வேண்டும். யூரியாவையோ அமோனியம் சல்பேற்றையோ இதனோடு சேர்த்து இடலாகாது. மூக்கைத் துளைக்கும் அந்த அமோனியா வாடையோடு நைதரசன் காற்றிற் போய்விடும். கோவாவின் வேர் வீங்கித் தடிக்கும் நோயும் சுண்ணாம்பிட்ட மண்ணிற் குறைகின்றது. உருளைக்கிழங்குக்கோ இது மாறாகும். மிகுதியாகச் சுண்ணாம்பு இட்டாற் கிழங்கின் தோலிற் சொறி பற்றும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலங்களிற் கதை முற்றிலும் வேறு. அங்கு கிணற்று நீரிலேயே சுண்ணம் உளது. மேலும் சுண்ணாம்பு இடுவது இரும்பையும் நாகத்தையும் பயிருக்குக் கிட்டாமற் செய்யும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது அதன் அடையாளம். அந்நிலத்துக்குக் குப்பையெருவே உகந்தது.

ஆகவே எவ்வளவு இடுவது என்பதை அயல் தோட்டத்தைப் பார்த்துத் தீர்மானித்தல் கூடாது. தோட்டத்திற் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறங்குலம் ஆழமாக மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்தாற் பரிசோதனைக்கு வழிசெய்யப்படும். வரம்போரத்திலும் எருக்குவியல் இருந்த இடத்திலும் எடுத்தலாகாது. பசளை இருந்த பையையும் தவிர்த்தல் வேண்டும். பொதியின்மேல் முன்னைய பயிர், இனி நடக் கருதும் பயிர், கடைசியாகச் சுண்ணாம்பு இட்ட ஆண்டு என்பவற்றை எழுதுதல் அவசியம். ஏனெனில் ஒரே மண்ணாயினும் கோவாவுக்கு ஒரு விடையும் உருளைக்கிழங்குக்கு வேறொரு விடையும் வரும்.