நாய்க்குட்டிக்குத் தடம் பயிற்றல்

தொண்டைமான் இளந்திரையனைக் கச்சியில் கண்டு பரிசில் பெறுமாறு பாணனை ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு முயல் வேட்டையைக் காட்டுகிறார். வேட்டுவர் நாய்களுடன் புதர்களை அடித்துக் கலைக்கின்றனர். வேலிபோல வலைகளைத் தொடர்ந்து மாட்டுகின்றனர். நெடுஞ்செவி முயல்கள் தப்ப வழியின்றி வளைத்துக் கொள்கின்றனர். அங்கு நாயைக் குறிக்க வரும் சொல் 'ஞமலி' என்பதாகும். ஞமலியும் ஞாளியும் பேச்சு வழக்கினின்றும் மறைந்துவிட்டன. முயல் வேட்டையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மனிதன் நாயின் மூக்கைத் துணைக்கொள்ளும் வழக்கம் ஓயவில்லை. சென்னைக் காவல்துறை 1951ஆம் ஆண்டில் நாய்ப்படை ஒன்றைத் தொடங்கியது. இந்தியக் காவல்துறைகளுள் இதுவே முதலாவது நாய்ப்படை என்பர். இன்று களவு நிகழ்ந்த வீட்டிலும், காணாமற் போனவரைத் தேடும் காட்டிலும், வெடிபொருள் அச்சமுள்ள கூட்டத்திலும் நாம் மோப்ப நாயைக் காண்கிறோம். அதனை முதலில் எவ்வாறு பழக்குகின்றனர் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நம் சமுதாயப் பெரியோர் சிலர்க்கு இத்தலைப்பே சற்றுக் கூச்சத்தைத் தரக்கூடும். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண்ணிட்டு, கழுவுமாறு நபிமொழி கூறுவதை நாம் அறிவோம். அதே மார்க்கம் வேட்டைக்கும், மந்தைக்கும், பயிர்க்காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள இசைவு தந்திருக்கிறது என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் நான்காம் வசனம், பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தந்ததை உண்ண அனுமதிக்கிறது. பயிற்றுவோரைக் குறிக்க அங்கு ஆளப்படும் 'முகல்லிபீன்' என்னும் சொல், நாயைக் குறிக்கும் 'கல்பு' என்னும் அரபுச் சொல்லடியாகப் பிறந்தது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடையும் இங்கு நினைக்கத்தக்கது. ஏவப்பட்ட நாய் தான் பிடித்ததைத் தானே தின்னத் தொடங்கினால், அது தனக்காகவே பிடித்தது. அதனை உண்ணலாகாது என்பது அவ்விடையின் கருத்து. தனக்காகத் தேடும் நாய் வேறு, தன்னை ஏவியவனுக்காகத் தேடும் நாய் வேறு. மோப்பப் பயிற்சி முழுவதும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

நாய்க்கு மோக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. மனிதனின் மூக்கில் மணமறியும் செல்கள் ஐம்பது, அறுபது இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை இருபது கோடிக்கும் மேற்பட்டவை என அறிவியலார் கணக்கிடுவர். மூச்சை வெளிவிடும்போது அதன் மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே காற்று வெளியேறுகிறது; ஆதலால் முன்னே கிடக்கும் மணம் கலைந்து போவதில்லை. நாம் கற்பிப்பதெல்லாம், உலகில் நிறைந்து கிடக்கும் ஆயிரம் மணங்களுள் எந்த மணம் நமக்கு வேண்டும் என்பதைத்தான்.

அம்மணம் யாது? மனிதன் நடந்து செல்லும்போது அவன் உடலிலிருந்து தோலின் நுண்துகள்கள் இடைவிடாது உதிர்கின்றன. அவற்றின் மீது வாழும் நுண்ணுயிர்களும் வியர்வையும் சேர்ந்து அவனுக்கே உரிய மணத்தை உண்டாக்குகின்றன. அன்றியும் அவன் காலடியில் புல் நசுங்குகிறது; மண்ணின் மேற்பரப்பு குலைகிறது; அங்கிருந்து வேறொரு மணம் எழுகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே தடம். மூக்கைத் தரையோடு ஒட்டி அடிக்கு அடி தொடர்வது ஒருவகை. தலையைத் தூக்கிக் காற்றில் மிதந்து வரும் மணத்தைப் பற்றிச் செல்வது மற்றொருவகை. தொடக்கத்தில் முதல்வகையைப் பயிற்றுதலே நன்று.

தடுப்பூசிகள் போட்டு முடிந்த மூன்று, நான்கு மாதக் குட்டியே போதும். வயிறு நிறைந்த குட்டி தேடாது. எனவே உணவு வேளைக்கு முன்னரே பயிற்சியை வைத்துக்கொள்ள வேண்டும். ஈரப்புல் உள்ள இடத்தில், ஒரு முழ அகலமும் நீளமும் உள்ள சதுரத்தைக் காலால் நன்கு மிதித்து, அதனுள் வேகவைத்த இறைச்சியைப் பட்டாணியளவு துண்டுகளாக்கித் தூவுவர். குட்டி தானாகவே குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கும். மிதித்த இடத்தில் உணவு உண்டு, மிதியாத இடத்தில் இல்லை என்பதைச் சில நாட்களில் அது தானே கண்டுகொள்ளும். யாரும் சொல்லித் தராமல் அது கண்டுகொண்டதே முக்கியம்.

அதன்பின் அச்சதுரத்திலிருந்து நேர்கோடாகப் பத்துப் பன்னிரண்டு அடிகள் நெருக்கமாக வைத்து நடந்து, ஒவ்வொரு அடிச்சுவட்டிலும் ஒரு துண்டை இட்டு, முடிவில் கைநிறைய உணவை வைக்க வேண்டும். காற்று முதுகுப்புறமிருந்து வீச வேண்டும். எதிர்க்காற்றாயின் முடிவிலுள்ள உணவின் மணம் குட்டியின் முகத்தில் அடிக்கும். அது தடத்தை விட்டுத் தலையைத் தூக்கி நேரே ஓடிவிடும். தடம் பயிலும்போது மட்டும் அணிவிக்கும் மார்புப் பட்டை ஒன்று இருத்தல் நலம். அப்பட்டையைக் கண்டதுமே குட்டி வேலை தொடங்கிற்று என உணரும். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டினாலோ, இழுக்குந்தோறும் தொண்டை இறுகி மூச்சு தடைப்படும். மூச்சில்லாமல் மோப்பம் ஏது? குட்டியின் மூக்கு தரையில் பதிந்த அக்கணத்தில்தான் 'தேடு' என்னும் சொல்லை மெல்லச் சொல்லுதல் வேண்டும். முன்னரே சொன்னால் அச்சொல் வெற்றொலியாகிவிடும்.

நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடங்கள், ஒவ்வொன்றும் சில நிமிடங்கள், அதற்குமேல் வேண்டா. குட்டி இன்னும் ஆவலோடு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல உணவை ஓரடி விட்டு ஓரடி, பின்பு ஐந்தடிக்கு ஒருமுறை எனக் குறைத்து, திருப்பங்களையும், தடமிட்டபின் காத்திருக்கும் நேரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுவர். ஒரே நாளில் நீளம், திருப்பம், காத்திருப்பு மூன்றையும் கூட்டுவது பெரும்பாலோர் செய்யும் பிழை.

நம் காஞ்சியில் இதற்கு இடமும் காலமும் தேர்வது எளிதன்று. செவிலிமேட்டையடுத்த பாலாற்று மணல் பார்வைக்குப் பரந்த பயிற்சிக் களமாகத் தோன்றும். ஆனால் காய்ந்து வெந்த மணல் மணத்தை நெடுநேரம் தாங்குவதில்லை. மழைக்குப்பின் புல் முளைத்த ஏரிக்கரையே மேலானது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் விடியலில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் மணமும், பட்டு நூலைச் சவர்க்காரமும் சோடாவும் இட்டு வேகவைத்துப் பசைநீக்கும் சாயப்பட்டறைகளின் மணமும் ஒருங்கே எழும். வளர்ந்த நாய்க்கு அவை நல்ல தேர்வு, குட்டிக்குச் சுமை. வைகாசியில் வரதர் கோயில் பெருவிழாக் கூட்டம் கலைந்த வீதியில் ஒருவனது தடத்தைத் தேடச் செய்வது, எழுத்தறியத் தொடங்கிய சிறுவனிடம் ஓலைச்சுவடியைக் கொடுப்பது போன்றது. வெயில் ஏறினால் நாய் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கும். இரைக்கும் நாய் சரிவர மோக்காது. மார்கழி, தைப் பனிக்காலை இதற்கு வாய்ப்பான பருவம்.

எந்த இனம் ஏற்றது என மாணவர்கள் கேட்பதுண்டு. ஆல்சேஷனும் லாப்ரடாரும் இப்பணியில் பெயர் பெற்றவை. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை இனங்கள். மோப்பம் அவற்றுக்கு இரண்டாம் இடமே என்றொரு கருத்து நிலவி வந்தது. 2021 பிப்ரவரியில் இந்திய இராணுவம், கொரோனாத் தொற்றை மணத்தால் கண்டறியப் பயிற்றிய நாய்களை மக்கள் முன் காட்டியபோது, அவற்றுள் 'மணி' என்னும் சிப்பிப்பாறை நாயும் இருந்தது. தமிழர் பெருமை பேச இது ஒன்றே போதும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயின் பழங்கருத்தை மறுபடி எண்ணிப் பார்க்கப் போதும்.

இனி, நாயினும் கடினமாகப் பயிற்ற வேண்டியவன் கயிற்றைப் பிடிப்பவனே. தடம் எங்கே திரும்புகிறது என அவன் அறிந்திருந்தால், அவனறியாமலே அவன் நடை தளரும், கயிறு இறுகும், மூச்சு நிற்கும். நாய் மண்ணை விட்டு மனிதனைப் படிக்கத் தொடங்கிவிடும். 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினெட்டு மோப்ப நாய்களையும் அவற்றை நடத்துவோரையும் ஒரு தேவாலயக் கட்டடத்தில் சோதித்தனர். சிவப்புத் தாள் ஒட்டிய இடங்களில் மணப்பொருள் இருக்கும் என நடத்துவோரிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எங்குமே எதுவும் வைக்கப்படவில்லை. ஆயினும் இருநூறுக்கும் மேற்பட்ட முறை நாய் காட்டிக்கொடுத்ததாக அவர்கள் அறிவித்தனர். சிவப்புத் தாள் இருந்த இடங்களில் அது மிகுதியாக நிகழ்ந்தது.

இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தியன்று. நாய் ஒருவன் வீட்டு வாசலில் நின்றுவிட்டால், ஊர் அவனைக் கள்வனென்றே முடிவு கட்டிவிடும். நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் ஆந்திர மாநில வழக்கொன்றில், நாயும் தவறலாம், நாய்க்கும் அதை நடத்துபவனுக்கும் இடையே பொருள் மாறுபாடும் நேரலாம் எனச் சுட்டிக்காட்டியது. 2008இல் அசாம் வழக்கொன்றிலும், மோப்ப நாய் புலனாய்வுக்குத் துணையாகலாம், அதனையே சான்றாகக் கொண்டு குற்றத்தை நிறுவ இயலாது என்னும் நிலையை எடுத்தது. நீதிமன்றத்தின் இவ்வெச்சரிக்கையைக் காவல்துறையின் குறைபாடாகக் கருதுவோர் உளர். நமக்கு அது நியாயமாகவே படுகிறது. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய எவராலும் இயலாதன்றோ?

ஆதலால் குட்டி நேர்த்தடத்தில் தேறியவுடனே, தடமிடும் பணியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கயிறு பிடிப்பவர் அப்போது அங்கிருக்கலாகாது. குட்டி தடத்தை இழந்து சுற்றும்போது அவர் சுட்டிக்காட்டாமல், இழுக்காமல், அதட்டாமல் நின்ற இடத்திலேயே நிற்கக் கற்க வேண்டும். குட்டி வட்டமிட்டு, தலையை ஆட்டி, மீண்டும் மூக்கைப் பதித்து அசையும் வரை அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சில நாட்களில் தடமே இடாமல் குட்டியைப் புலத்தில் விட வேண்டும்; அன்று அது எதையும் காட்டாமல் திரும்பி வந்தால் அதற்கும் கைநிறைய உணவு உண்டு. ஒவ்வொரு நாளும் நாள், நேரம், காற்றின் திசை, மண்ணின் தன்மை, தடமிட்டவர் பெயர், குட்டி தவறிய இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். தவறிய நாட்களையும் விடாமல் எழுதிய ஏடே, பின்னாளில் அந்நாயைப் பற்றி எவர் கேட்டாலும் எடுத்துக்காட்டத்தக்கது.