நான்கில் ஒன்று

விடுமுறையில் ஊர் சென்று திரும்பும் நண்பர்கள் கொண்டுவரும் செய்திகளில் திருமணப் பேச்சு ஒன்றாவது இருக்கும். “அக்காளுக்கு அத்தை மகனையே பேசி முடித்துவிட்டார்கள்” என்பார்கள். பத்துப் பொருத்தமும் பார்த்திருப்பார்கள். பதினோராவது பொருத்தம் ஒன்று உண்டு. அதைக் காட்டித் தந்தது பட்டாணிச் செடி.

பிரூன் நகரத் துறவி கிரெகோர் மெண்டல் 1856 முதல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். கிடைத்தவை அனைத்தும் உருண்டை. சுருக்கம் அழிந்ததோ? இல்லை, மறைந்திருந்தது. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பண்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு காரணிகள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பிள்ளைக்குச் செல்கின்றன என்று அவர் உய்த்துணர்ந்தார்.

தலசீமியா என்னும் இரத்த நோயும் இவ்வாறே மறைந்து வருவது. பழுதுற்ற காரணி ஒன்றே உடையவர் பொதுவாக நலமாகவே இருப்பார். அத்தகைய இருவர் மணந்தால், குழந்தைக்குப் பழுதுற்ற காரணி இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடுமையாகத் தாக்குண்ட குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும்.

“முதல் குழந்தைக்கு வந்துவிட்டது; இனி மூன்றுக்கு வராது” என்று தேற்றுவோர் உண்டு. இது பெரும்பிழை. ஒவ்வொரு பிறப்பிலும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. நான்கு குழந்தைகளும் தப்பும் வாய்ப்பு 256இல் 81தான்.

சொந்தத்துக்கு வருவோம். குடும்பத்தில் பாட்டி ஒருவரிடம் மட்டுமே பழுதுற்ற காரணி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மகனுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பேரன், பேத்திக்கு நான்கில் ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு 16இல் ஒன்று. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 64இல் ஒன்று. மாமனே அக்காள் மகளை மணந்தால் 32இல் ஒன்று.

சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் நோய்ப் பிள்ளை பிறக்கும் என்று பொருளன்று. என் தாத்தா பாட்டியும் அத்தை மகன், மாமன் மகள்தான்! அந்நியத்தில் மணந்தாலும் இருவரிடமும் அக்காரணி இருத்தல் கூடும். அதை அறிய இரத்தச் சோதனை உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே செய்துகொள்ளலாம். இருவரிடமும் இருப்பது மணமான பின்னர் தெரியவந்தாலும், கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே சிசுவின் நிலையைச் சோதித்தறிய இன்று மருத்துவத்தில் வழியுண்டு.